அழித்துவிடச் சொன்னவர்

வரச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாயிற்று, வரவேண்டியவர் இன்னும் வரவில்லை, அவர் எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்தார், எங்கள் புது வீட்டில் பால்கூட அவருக்காகக் காத்திருந்துதான் பொங்கியது, குழந்தைவேல் அண்ணன் வந்துட்டாரா வந்துட்டாரா என்று வாசலுக்கும் அடுப்புக்கும் ஆள் ஓடிக்கொண்டிருந்தது, இன்றைக்கு மகளிர் காவல் நிலையமும் அதே மாதிரி காத்திருக்கிறது. பெஞ்சில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம், அதில் அவர் ஹெல்மெட்டை வைத்திருக்கிறார். பினாயில் வாசனை மூக்கில் ஏறுகிறது. எதிர்ச் சுவரில் பெண்கள் உதவி எண் எழுதிய பலகை, அதில் ஒரு பெண் கையை நீட்டி நில் என்கிறாள், வரைந்தவன் அவளுக்குச் சிரித்த வாய் போட்டுவிட்டான், சிரித்துக்கொண்டே நில் என்றால் எவன் நிற்பான். என் போனுக்கு மாதக்கணக்கில் அசிங்கம் அசிங்கமாக மெசேஜ் அனுப்பியது குழந்தைவேல் அண்ணன்தான் என்று போன வாரம் இதே பெஞ்சில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரரின் சொந்த அக்காவைக் கட்டியவர், முறைக்கு எனக்கு அண்ணன், ஊருக்கு அரிசி மண்டிக்காரர், கோயில் கமிட்டியில் பெரிய தலை. வழக்குப் பதியச் சொல்வதா, இல்லை எழுதி வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போவதா, இன்றைக்கு நான் சொல்ல வேண்டும். நான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாம்பாருக்கு முருங்கையா கத்தரியா என்பதைக்கூட யாரையாவது கேட்டுத்தான் போட்டிருக்கிறேன்.

முதலில் வந்தது சாப்டியா என்ற ஒரே வார்த்தை. தெரியாத நம்பர். யாரோ பெண்டாட்டிக்கு அனுப்பியது தப்பி வந்துவிட்டது என்று நினைத்தேன், பாவம் அந்தப் பெண் சாப்பிட்டாளோ இல்லையோ என்றுகூட நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல. மறுநாள் பச்சை நல்லாருக்கு என்று வந்தது. அன்றைக்கு நான் பச்சைப் புடவை. அதற்குப் பிறகு பீரோவைத் திறந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும், நீலத்தை எடுத்தால் நீலம் என்று வரும், மஞ்சளைத் தொட்டால் மஞ்சள், பழசாகப்போன பழுப்புப் புடவை ஒன்றை ஒரு வாரம் துவைத்துத் துவைத்துக் கட்டினேன், வேற இல்லையா என்று வந்தது. அப்புறம் வந்தவற்றைச் சொல்ல மாட்டேன், மனசுக்குள்கூடச் சொல்ல மாட்டேன், ஆனால் மனசு என் பேச்சைக் கேட்டால்தானே, அரிசி களையும்போது ஒரு வரி வருகிறது, கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக் கடைசி வரியைப் படிங்க என்று சொல்லும்போது ஒரு வரி வருகிறது, எழுத்துப் பிழையோடு அப்படியே வருகிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கடையில்தான் எனக்கு வேலை, நாள் முழுக்க மனிதர்களின் கண்ணுக்குள் பார்க்கிற வேலை, எந்தக் கண்ணைப் பார்த்தாலும் இவனோ என்று இருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கண்ணாடி தயாரானதும் உங்களுக்கு போன் பண்ணிக் கேட்கலாமாம்மா என்றார், எதுக்குங்க என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷன் பில்லை மேசையிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். சிலிண்டர் போடுகிறவர், பக்கத்து வீட்டுக்காரர், முதலாளி, முதலாளியின் மச்சான், ஊரில் மீசை வைத்த அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், ஒருத்தரைத் தவிர. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அம்மா சாப்டியா என்று கேட்டால் போனைத் திரும்பிப் பார்க்கிறேன். எவ்வளவு நல்ல வார்த்தை, அதைவிடப் பிரியமாக நம் ஜனங்கள் வேறு என்ன கேட்டிருக்கிறார்கள், அதைப்போய் எச்சில் பண்ணிவிட்டார். பார், இப்போதும் பண்ணிவிட்டார் என்றுதான் வருகிறது, பண்ணிவிட்டான் என்று வரமாட்டேன் என்கிறது. வாய் பழகிப்போயிற்று.

அவரிடம்தானே போனோம். எங்கே சுற்றினாலும் மனசு இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அவரிடம்தானே போனோம். எங்கள் பக்கம் அப்படித்தான், ஆடு காணாமல் போனாலும் பெண்ணுக்கு வரன் வந்தாலும் முதலில் பெரிய மனுஷன் காதில் போட வேண்டும், போலீஸ் வக்கீல் எல்லாம் அவர் போகச் சொன்ன பிறகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார் என் வீட்டுக்காரர். போண்டா போட்டேன், தேங்காய்ச் சட்னி அரைத்தேன், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனை நீட்டினேன். அவர் சட்டைப்பையில் கண்ணாடி இருந்தது. நானே அளவெடுத்துக் கொடுத்த கண்ணாடி, அது இல்லாமல் அவருக்குக் கல்யாணப் பத்திரிகைக்கும் கரண்டு பில்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை எடுக்கவே இல்லை. போனை எட்டப் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, ச்சீ, கருமம், குடும்பத்துப் பொம்பளைக்கு அனுப்பறதா இது, என்றார். படிக்காமலே ச்சீ என்றார், எனக்கு உறைக்கவில்லை, என் தொழிலே அதுதான், இருந்தும் உறைக்கவில்லை. “இதையெல்லாம் வெச்சிருக்காத கண்ணு, அழிச்சுப்போடு. பதிலும் போடாத. கம்முனு இருந்தீன்னா தானா அடங்கிருவான். போலீசு கீலீசுன்னு போனா நம்ம மானம்தான் சந்தி சிரிக்கும்,” என்று சொல்லிவிட்டு, எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தார். நன்றிங்கண்ணா, இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க, என்று சொன்னேன். சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்துவிட்டது என்று பயிரே போய் வேலியிடம் அழுததற்கு மட்டும் யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. மறுநாள் வேறு நம்பரிலிருந்து பயந்துட்டியா என்று வந்தது.

ஏட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார், என் வீட்டுக்காரர் குடிக்கிறார், நான் தம்ளரை ஓரமாகத் தள்ளி வைக்கிறேன். உள்ளே எஸ்.ஐ. மேடம் யாரிடமோ போனில் சத்தம் போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நான் இங்கே வந்து நின்றபோது, முதலில் உட்காருங்க என்றவர் அவர்தான். அழிச்சது போனது போனதுதாம்மா, யாரு எப்ப அனுப்புனாங்கற விவரம் கம்பெனியில கேட்டு வாங்கலாம், என்ன எழுதுனாங்கறது கிடைக்காது, இனிமே வர்றது ஒண்ணைக்கூட அழிக்காதீங்க, நம்பரும் தேதியும் தெரியற மாதிரி படம் எடுத்து வெச்சுக்குங்க, கேஸுன்னு ஆனா போனையே ஒப்படைக்கணும், என்றார். பிறகு சிம் யார் பேரில் என்று பார்த்தார்கள், அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர் பேரில் இருந்தது, அவரைக் கூப்பிட்டால், மொதலாளி ஒரு சிம்மு வாங்கித் தரச் சொன்னாருங்க, வாங்கிக் குடுத்தனுங்க, என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சில மெசேஜ் எங்கள் வீட்டுப் பக்கத்து டவரிலிருந்தே போயிருந்தது. தேதியைப் பார்த்தேன். அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்த நாட்கள், நான் அடுப்படியில் நின்ற நாட்கள், நடுவில் ஒரு சுவர்தான். மேடம் சொன்னார்: “எஃப்.ஐ.ஆர். போடலாம்மா, பின்தொடர்ந்து தொல்லை பண்றது, பெண்ணை அவமானப்படுத்தறதுன்னு பிரிவு இருக்கு. கோர்ட்டுக்குப் போகும், இழுக்கும். அவரு அன்னிக்கே ஜாமீன்ல வெளிய வந்துருவாரு, அதையும் இப்பவே சொல்லிடறேன். இல்லீன்னா மனு ரசீதோட நிறுத்தி, கூப்பிட்டுக் கண்டிச்சு எழுதி வாங்கலாம். வக்கீல் வெச்சு நேரா மாஜிஸ்திரேட்டுகிட்டப் போறதும் உங்க உரிமை. யோசிச்சுச் சொல்லுங்க.” அப்புறம் கேட்டார், அந்த நம்பருக்கு ஒரு தடவையாச்சும் வேண்டாம், அனுப்பாதேன்னு போட்டீங்களா. இல்லீங்க. கோர்ட்டுல கேப்பாங்களே. நம்பரை பிளாக் பண்ணுனனுங்க, வேற நம்பர்ல வந்துதுங்க. அப்ப அதை எழுதுங்க, அதுவும் வேண்டாம்னு சொன்னதுதான், என்றார். அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். பதில் பேசாத பெண் நல்ல பெண் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்துவிட்டு, பெரியவளானதும் நீ ஏன் பதில் பேசவில்லை என்று கேட்கிறார்கள். நல்ல நியாயம்.

என் வீட்டுக்காரர் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், பெஞ்சு ஆடுகிறது, ஆட்டாதீங்க என்று சொல்லலாம், சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு ஆரம்பிக்கும். ஸ்டேஷனிலிருந்து போன் போன அன்றைக்கு அவர் லேத்துப் பட்டறையிலிருந்து கை கால் கழுவாமல் ஓடி வந்தார், விஷயத்தைக் கேட்டு இந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார், அந்த அழுகை பொய்யில்லை, எனக்கு அவரைத் தெரியும். மாமனார் செத்தபோது இவருக்கு மீசை முளைக்கவில்லை, ஐ.டி.ஐ. சேர்த்து, பட்டறை வைத்து, எனக்கும் இவருக்கும் பேசி முடித்தது எல்லாம் குழந்தைவேல் அண்ணன்தான், இவருக்கு மாமா. வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டாத குறை. அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்கா வாழ்க்கை என்னாகறது கோகிலா, என்றார். அதிலிருந்து ஒரு வாரமாக அதே கேள்விதான். அக்கா வாழ்க்கை என்னாகறது. என் வாழ்க்கை என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சண்டை என்பார். நேற்று அண்ணியே வந்தார், அவருடைய அக்கா, மல்லிகா அண்ணி. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, “ஊசி இடங்குடுக்காம நூலு நொழையுமா கோகிலா? எத்தனை பொம்பளைங்க இருக்கறாங்க, அவரு உனக்கு மட்டும் ஏன் அனுப்பறாரு?” என்றார். சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளலாமா அறையலாமா என்று கை தவித்தது, கடைசியில் உட்காருங்கண்ணி காபி போடறேன் என்றேன். ராத்திரி இவர் முள்ளுச் சேலைக் கதையை எடுத்தார், முள்ளு மேல சேலை விழுந்தாலும் சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழியறது சேலைதான் புள்ள, என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன், கிழிகிறது சேலைதான். கிழிந்த பிறகு முள்ளை வெட்டக் கூடாது என்று எங்கே சொல்லியிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு நான் ஒன்றைக் காட்டவில்லை. ஒரு மெசேஜையும் அவர் படித்ததில்லை, வேண்டாம் புள்ள எனக்குக் காட்டாத என்பார், நானும் விட்டுவிட்டேன். ஆனால் இது வேறு. போன மாதம் மகள் பெரியவளாகி வீட்டில் சீர் செய்தோம். அத்தை முறைக்கு அண்ணிதான் தண்ணீர் ஊற்றினார். பட்டுப் பாவாடை கட்டி உட்கார்த்தி வைத்திருந்த குழந்தையின் தலையில் குழந்தைவேல் அண்ணன் கையை வைத்து, நல்லாரு கண்ணு, என்றார். அந்தக் கை. மூக்குக் கண்ணாடியைக் காதில் மாட்டிவிடும்போது நான் எத்தனையோ தடவை தொட்ட காது, தாலி கட்டும்போது என் தலையில் அட்சதை போட்ட கை. மறுநாள் கடையில் இருக்கும்போது வந்தது. பாப்பா உன்னாட்டமே வர்றா. அவ்வளவுதான், கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வரி, நான் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அன்றைக்குத்தான் யாரையும் கேட்காமல் இங்கே வந்தேன். சமாதானமாகப் போனால் என்ன ஆகும், எழுதிக் கொடுப்பார், கையெழுத்துப் போடுவார், தீபாவளிக்கு அண்ணியோடு வருவார், பாப்பா காலைத் தொட்டுக் கும்பிடுவாள். கும்பிட மாட்டேன் என்றால், ஏன் என்று அவளையே திட்டுவார்கள். வீட்டுக்காரரிடம் ஏன் காட்டவில்லை என்று மேடம் கேட்டார், கொலை கிலை பண்ணிருவாருன்னு பயமாங்க, என்றார். ஆமாங்க என்று சொல்லிவைத்தேன். அந்தப் பயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கோபத்தில் அரிவாளைத் தூக்கிவிடுவாரோ என்று நடுங்குகிற பெண்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் பயம் அதில்லை. காட்டி, படித்து, அதற்குப் பிறகும் அக்கா வாழ்க்கை என்னாகறது என்று கேட்டுவிட்டால்? காட்டாதவரை, காட்டினால் துடித்துப்போயிருப்பார் என்று நானே நினைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பில்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்குகிறது. முட்டாள்தனம்தான். இருந்தாலும் புருஷனைப் பற்றி நமக்கென்று ஒரு நல்ல எண்ணம் மிச்சம் வேண்டியிருக்கிறது, வேறு எதை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போவது.

வெளியே கார் நிற்கிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம் கேட்டே தெரிகிறது, அவர் மெதுவாகத்தான் சாத்துவார், எதையும் அடித்துச் சாத்த மாட்டார், அடக்கமான மனுஷன் என்று பெயர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பின்னால் அண்ணி தலைகுனிந்து வருகிறார், முகம் வீங்கியிருக்கிறது. என் உடம்பு தானாகப் பாதி எழுந்துவிட்டது. அண்ணன் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும், இந்த உடம்புக்கு வேறு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே. அதைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் பெஞ்சு லேசாகிவிட்டது, திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருக்கிறார். “வாங்க மாமா,” என்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் நின்று, என்னை வைத்துக்கொண்டு, வாங்க மாமா. ஏட்டம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து, கையால் தூசியைத் தட்டி, போட்டார். குழந்தைவேல் அண்ணன் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த பலகையைப் படித்தார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என் வீட்டுக்காரர், என் உடம்பு எழுந்த மாதிரிதான் அவர் உடம்பும் எழுந்திருக்கும், நாற்காலியை இழுத்திருக்கும், எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் வலிக்காமல் இல்லை. அவர் திரும்பி வந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் பையைத் திறந்து போனை எடுத்தேன். அந்த வரியை எடுத்து, “இதைப் படிங்க,” என்றேன். வேண்டாம் புள்ள என்றார். படிங்க, என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வாங்கினார். உதடு அசைந்தது. முதலில் விளங்கவில்லை போல, தேதியைப் பார்த்தார், மறுபடி படித்தார், முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன், கழுத்து நரம்பு துடித்தது. எழுந்திருங்கள். நாற்காலியை எட்டி உதையுங்கள். ஒன்றும் வேண்டாம், தலை நிமிர்ந்து அந்த ஆளை ஒரு பார்வை பாருங்கள், அது போதும் எனக்கு, ஆயுசுக்கும் போதும். அவர் என் பக்கம் சாய்ந்து, காதருகில், “இது வெளிய தெரிஞ்சா பாப்பா பேரு கெட்டுப்போயிரும் கோகிலா. இதை மட்டும் இவங்ககிட்டக் காட்டாத,” என்றார். கண் கலங்கியிருந்தது, அதுவும் பொய்யில்லை. குனிந்து பார்த்தேன். அவர் கட்டைவிரல் அந்த வரியின் மேல் அழுந்தியிருந்தது, மேலே குப்பைத்தொட்டிப் படம் வந்துவிட்டிருந்தது. போனைப் பிடுங்கவில்லை, அவசியம் இருக்கவில்லை, குழந்தை கையிலிருந்து பிளேடை எடுப்பது மாதிரி மெதுவாக விரலை விலக்கி எடுத்துக்கொண்டேன். எழுந்தேன். அண்ணன் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, தாண்டினேன், அரிசித் தவிட்டு வாசனை அடித்தது. அண்ணி என் முந்தானையைப் பிடித்தார், கோகிலா, கண்ணு, என்றார், நான் நிற்கவில்லை. மேடத்தின் மேசையில் போனை வைத்து, எஃப்.ஐ.ஆர். போடுங்க மேடம், என்றேன். வீட்டுக்காரரு என்ன சொல்றாரு, என்று கேட்டார். அவரு சொல்லிட்டாருங்க, இது நான் சொல்றது, என்றேன். மேடம் ஏட்டம்மாவிடம் கையைக் காட்டினார். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை, கல் மாதிரி கனத்தது, சாயங்காலம் பாப்பாவிடம் என்ன சொல்வது, எந்த வீட்டில் வைத்துச் சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். கோகிலவாணி. வயசு, வேலை, முகவரி. முகவரியில் கொஞ்சம் தடுமாறினேன். “கணவர் பேரு போடறதா, தகப்பனார் பேரா?” என்றார். எங்கே கேட்டாலும் இதுவரை அவர் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். பின்னால் ஹெல்மெட் தரையில் உருளுகிற சத்தம் கேட்டது, யாரும் எடுக்கவில்லை. “தகப்பனார் பேரு போடுங்க. நாச்சிமுத்து.” ஏட்டம்மா தட்டினார். தலை நிமிராமலே, அப்பா இருக்காருங்களா, என்று கேட்டார். இல்லீங்க, என்றேன்.